மேனுவலா, டிசிடியா? கார் புக் செய்வதற்கு முன் ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டியவை

சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது என் காரின் டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை வந்தது. கியர்பாக்ஸ் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது, வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள் என்றது. சாயங்காலம் ஏழு மணி. மெட்ரோ வேலைக்காகப் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். நாற்பது நிமிடமாக ஊர்ந்துகொண்டிருந்த வண்டி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. ஏசி வழியாகக் கருகல் வாடை. ஹசார்ட் விளக்கைப் போட்டு இடது ஓரம் ஒதுக்கி, கியரை 'பி'யில் (பார்க்) வைத்துவிட்டு, மனைவியும் நானும் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம்.

அது மூன்று வருடம் ஓடி, வாரண்டி முடிந்த பிறகு நான் பழையதாக வாங்கிய டிசிடி கார். டிசிடி என்றால் டூயல் கிளட்ச் டிரான்ஸ்மிஷன், இரண்டு கிளட்ச் உள்ள ஒரு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வாங்கும்போது மதுரவாயல் பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரிப் போனது. அதை நம்பித்தான் பணம் கட்டினேன். வாங்கிய எட்டாவது மாதம் சர்வீஸ் சென்டரில் கிளட்ச் செட் மாற்ற வேண்டும் என்று ₹1,12,000க்கு மதிப்பீடு கொடுத்தார்கள். பாகம் வர 19 நாள் ஆனது.

டிசிடி மோசமான கியர்பாக்ஸ் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. திருச்சியில் என் மச்சான் அதே வகைக் கியர்பாக்ஸில் 70,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டார், ஒரு குறையும் இல்லை. அவர் ஓட்டுவது திருச்சி – மதுரை நாலுவழிச் சாலை, நான் ஓட்டியது சென்னையின் நெரிசலான ஓஎம்ஆர். உங்களுக்கு எது என்பதை உங்கள் ரோடும், வாரண்டிக்குப் பிறகு எத்தனை வருடம் அந்தக் காரை வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதும்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரப்படாமல் செய்தால் கீழே உள்ளதெல்லாம் மூன்று, நான்கு வாரத்தில் முடிந்துவிடும்.

1. எந்த ஆட்டோமேட்டிக் என்று முதலில் கேளுங்கள்

ஷோரூமில் "ஆட்டோமேட்டிக் இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கு சார்" என்பார்கள். அது போதாது. நம் ஊர்ச் சந்தையில் அந்த ஒரு பெயரில் நான்கு வேறு வேறு பொருட்கள் விற்கின்றன.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் ஒரு மோட்டார் மாற்றிவிடும். விலை குறைவு, கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடும். மாருதியில் இதற்கு ஏஜிஎஸ் என்று பெயர். சிவிடியில் பற்சக்கரப் படிகள் கிடையாது, பெல்ட்டோ சங்கிலியோ சுற்றும், நகரத்துக்கு மென்மையானது. ஹூண்டாய் இதை ஐவிடி என்கிறது. டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்தாலும் அந்த எண்ணெய்தான் சுழல்கிறது, தேய்வதற்கு அங்கே தட்டு இல்லை.

டிசிடி இந்த மூன்றிலும் சேராது. உள்ளே இரண்டு கிளட்ச். 1, 3, 5, 7 கியர்கள் ஒரு கிளட்சில், 2, 4, 6 இன்னொன்றில். நீங்கள் இரண்டாவதில் போய்க்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கோத்துத் தயாராக நிற்கும். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால்தான் அந்த வேகமும் மென்மையும். ஹூண்டாய், கியா இதை டிசிடி என்கின்றன, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் டிஎஸ்ஜி, டாடாவில் டிசிஏ.

மனதில் வைக்க வேண்டியது ஒன்று. டிசிடியில் கிளட்ச் மிதிப்பது உங்கள் கால் இல்லை, கம்ப்யூட்டர், அவ்வளவுதான். கிளட்ச் தட்டு அப்படியே இருக்கிறது, உராய்வும் அப்படியே இருக்கிறது. வண்டி ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் நிற்கிறது, அந்த நேரமெல்லாம் சூடு ஏறுகிறது.

அடுத்த கேள்வி: ட்ரை கிளட்சா, வெட் கிளட்சா? ட்ரை வகையில் தட்டைச் சுற்றிக் காற்று மட்டும்தான். வெட் வகையில் கிளட்ச் எண்ணெயில் நனைந்து ஓடும், எண்ணெய் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் இங்கே விற்கும் 1.5 டர்போ கார்களில் உள்ள 7 கியர் டிஎஸ்ஜி ட்ரை வகை. டாடா ஆல்ட்ரோஸ், நெக்ஸான் டிசிஏ இரண்டும் வெட் வகை. அதே ஃபோக்ஸ்வேகனில் 1.0 டர்போ ஆட்டோமேட்டிக் எடுத்தால் கிடைப்பது டிசிடியே இல்லை, டார்க் கன்வெர்ட்டர். ஒரே கார், ஒரே நிறம், பின்னால் உள்ள எழுத்து மட்டும் வேறு. விற்பனையாளருக்கே இது குழம்பும், அதனால் காரின் கையேட்டிலோ சர்வீஸ் பிரிவிலோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு கண்ணி: ஐஎம்டி என்று எழுதியிருந்தால் அது ஆட்டோமேட்டிக் இல்லை. கிளட்ச் பெடல் இருக்காது, ஆனால் கியரை நீங்கள்தான் கையால் மாற்ற வேண்டும்.

2. ஒரு வாரம் உங்கள் ரோட்டை எழுதி வையுங்கள்

செலவே இல்லாத படி. நான் இதைச் செய்யாமல் விட்டதால்தான் லட்ச ரூபாய் போனது.

இப்போது எதில் போய் வருகிறீர்களோ, பைக்கோ ஆபீஸ் வேனோ, ஏழு நாள் கவனியுங்கள். நடப்பவன் முந்திவிடுவான் என்கிற வேகத்தில் எத்தனை நிமிடம் ஊர்கிறீர்கள்? ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை கிலோமீட்டர்? வழியில் மேம்பால ஏற்றத்தில் வண்டிகள் நின்று நின்று போகுமா? வீட்டில் பேஸ்மென்ட் பார்க்கிங் இருந்தால் அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து, அதில் ரிவர்ஸில் ஏற வேண்டி வருமா?

கடைசிக் கேள்வியைச் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் அபார்ட்மென்டில் எதிரே வண்டி வந்தால் பாதிச் சரிவிலிருந்து ரிவர்ஸில் மேலே ஏறிக் கொடுக்க வேண்டும். முதல் கியரும் ரிவர்ஸும் மாறி மாறி, சரிவில், அங்குலம் அங்குலமாக. டிசிடி கிளட்சுக்கு இதைவிடக் கடுமையான வேலை கிடையாது. தினம் இரண்டு தடவை எட்டு மாதம் அதைச் செய்தேன்.

தினமும் ஊர்வது பத்து, பதினைந்து நிமிடத்துக்குள், மற்றது ஓடும் ரோடு என்றால் டிசிடியைத் தயங்காமல் பட்டியலில் வையுங்கள். முக்கால் மணி நேரம் ஊர்கிறீர்கள் என்றால் ட்ரை கிளட்ச் டிசிடியை என்னால் பரிந்துரைக்க முடியாது. அங்கே மேனுவலும் சுகம் இல்லை, இடது முழங்கால் சொல்லும். அந்த இடத்தில் சிவிடியோ டார்க் கன்வெர்ட்டரோதான் சரி, அல்லது குறைந்தபட்சம் வெட் கிளட்ச்.

மலைப்பாதை பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவோ, ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவோ, வண்டி நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும்வரை டிசிடிக்கு ஒரு சிரமமும் இல்லை. இறங்கும்போது மேனுவல் மோடில் இரண்டாவதில் வைத்தால் இன்ஜின் பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். மலையில் சிக்கல் வருவது விடுமுறை நாள் நெரிசலில், ஏற்றத்தில் வரிசையாக நிற்கும்போதுதான்.

3. ஆன்ரோடு விலையை இரண்டு தாளில் வாங்குங்கள்

ஒரே மாடல், ஒரே இன்ஜின், ஒரே வேரியன்ட். ஒரு தாள் மேனுவலுக்கு, ஒரு தாள் டிசிடிக்கு. வாயால் சொல்வதை எழுதிக்கொள்ளாதீர்கள். டீலரின் முத்திரையோடு அச்சிட்ட கொட்டேஷன் வேண்டும்.

எக்ஸ்ஷோரூம் விலையில் (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராத விலை) இரண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம். "ஒரு லட்சத்து இருபதுதானே கூட" என்பார்கள். அங்கேதான் நம் தமிழ்நாட்டுச் சாலை வரி உள்ளே வருகிறது. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, புதிய காருக்கு ஆயுள் வரி:

₹5 லட்சம் வரை 12%
₹5 லட்சத்துக்கு மேல் ₹10 லட்சம் வரை 13%
₹10 லட்சத்துக்கு மேல் ₹20 லட்சம் வரை 18%
₹20 லட்சத்துக்கு மேல் 20%

வருமான வரி மாதிரிப் படிப்படியாக இல்லை. ₹10 லட்சத்தைத் தாண்டினால் முழு விலைக்கும் 18%. இப்போது கணக்கைப் பாருங்கள். மேனுவல் ₹9,60,000 என்றால் வரி ₹1,24,800. அதே காரின் டிசிடி ₹10,80,000 என்றால் வரி ₹1,94,400. வரியில் மட்டும் ₹69,600 கூடுகிறது. ₹10 லட்சத்தைத் தாண்டியதால் டீலர் 1% டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார், அது ₹10,800. ஆக விலைப் பலகையில் ₹1,20,000 என்று இருந்த வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகும்போது ₹2,00,400 ஆகிவிடுகிறது. இன்சூரன்ஸ் கூடுவதை நான் இன்னும் சேர்க்கவில்லை.

கடனில் வாங்கினால், அந்த இரண்டு லட்சம் 9% வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் ஏறக்குறைய ₹4,150. கியர் மாற்றும் வேலையை விடுவதற்கு மாதம் அவ்வளவு கொடுக்கத் தயாரா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். தயார் என்றால் அது நியாயமான செலவுதான். நான் குறை சொல்ல மாட்டேன்.

டிசிஎஸ் பணம் தொலைந்துபோவதில்லை. உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். டீலரிடம் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, உங்கள் வருமான வரிக் கணக்கில் அது வந்துவிட்டதா என்று பின்னால் பாருங்கள்.

கொட்டேஷனில் இன்னும் மூன்று வரிகளை விரல் வைத்துப் படியுங்கள். "ஹேண்ட்லிங் சார்ஜ்" அல்லது "லாஜிஸ்டிக்ஸ்" என்று ஏதாவது இருந்தால் எதற்கு என்று கேளுங்கள், அழுத்திக் கேட்டால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். அடுத்து, கேட்காமலே சேர்த்த ஆக்சசரி பேக். மூன்றாவது இன்சூரன்ஸ்: டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புதிய காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுத்தாக வேண்டும், சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடம் போதும். வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு டீலரிடம் காட்டுங்கள், குறைப்பார்.

மைலேஜை வைத்து முடிவு எடுக்க வேண்டாம். இன்றைய டிசிடிகளில் மேனுவலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் கால்தான் அதைவிடப் பெரிய வித்தியாசம் செய்யும்.

4. வாரண்டி முடிந்த மறுநாளைக் கணக்குப் போடுங்கள்

மேனுவல் காரிலும் கிளட்ச் தேயும். ஆனால் சின்னக் காராக இருந்தால் பத்தாயிரத்தைச் சுற்றி, கொஞ்சம் பெரிய வண்டியென்றால் அதற்கு மேல் ஒரு தொகை. எந்த ஊரிலும் ஒரு நல்ல மெக்கானிக் ஒரே நாளில் இறக்கி ஏற்றிக் கொடுத்துவிடுவார். டிசிடியில் கிளட்ச் செட்டுக்கு லட்சத்தைத் தொட்டும் தாண்டியும் கேட்கிறார்கள். மாற்றிய பிறகு கம்ப்யூட்டருக்குப் புதிய கிளட்சைக் கற்றுக்கொடுக்க ஸ்கேனர் வேண்டும், தனிக் கருவிகள் வேண்டும், எல்லாப் பட்டறையிலும் அவை இல்லை. கியர்களையும் கிளட்சையும் இயக்கும் மெகாட்ரானிக் யூனிட் போனால் அதைவிடப் பெரிய செலவு.

சர்வீஸ் சென்டருக்கு நேரில் போங்கள், ஷோரூமுக்கு இல்லை. சர்வீஸ் அட்வைசரிடம் நான்கு விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள்: இந்த மாடலுக்குக் கிளட்ச் செட் விலை, மெகாட்ரானிக் விலை, கியர்பாக்ஸ் எண்ணெய் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், பாகம் இங்கே இருப்பில் உண்டா அல்லது வரவழைக்க வேண்டுமா. வெட் கிளட்ச் என்றால் எண்ணெய் மாற்றுவது கட்டாயச் செலவு, அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம் வாரண்டி. கிளட்ச் "தேயும் பாகம்" என்ற பட்டியலில் இருந்தால் வாரண்டியில் வராது. டிசிடியின் கிளட்ச் அந்தப் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதை வாரண்டிப் புத்தகத்தில் வரியைக் காட்டச் சொல்லுங்கள். "எல்லாம் கவர் ஆகும் சார்" என்ற பேச்சை மட்டும் நம்பி வராதீர்கள், வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ பதில் வாங்குங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி பத்திரத்திலும் இதே கேள்விதான். டிசிடி வாங்கினால் அந்த நீட்டிப்பை எடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கார் வாங்கும் அன்றைக்கே எடுத்தால் விலை குறைவு, முதல் வாரண்டி முடிந்துவிட்டால் பெரும்பாலும் கொடுக்கவே மாட்டார்கள்.

இன்சூரன்ஸ் இதற்கு உதவாது. பம்பர் டு பம்பர் என்று எடுத்தாலும் இயந்திரக் கோளாறுக்கும் பாகம் ஓடித் தேய்வதற்கும் பணம் வராது. "இன்ஜின் புரொடெக்ட்" என்ற கூடுதல் காப்பு வேறு, மழைத் தண்ணீர் புகுந்து இன்ஜினோ கியர்பாக்ஸோ கெட்டால் அது உதவும். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இருப்பவர்கள் எந்தக் கியர்பாக்ஸாக இருந்தாலும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடத்துக்குள் விற்றுவிடுவேன், அதுவரை வாரண்டியும் இருக்கும் என்றால் இந்தப் பயம் பெரிதாக இல்லை. பத்து, பன்னிரண்டு வருடம் வைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பேன் என்றால் மேனுவல் உங்களைக் கைவிடாது.

5. டெஸ்ட் டிரைவை உங்கள் ரோட்டில், உங்கள் நேரத்தில் கேளுங்கள்

டீலர்கள் பகல் பதினொரு மணிக்குக் காலியான பைபாஸில் கூட்டிப்போவார்கள். அங்கே டிசிடி யாருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடித்தது.

சாயங்காலம் ஆறரைக்கு, நீங்கள் வீடு திரும்பும் வழியில், குறைந்தது நாற்பது நிமிடம் வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் வேறு டீலரைப் பாருங்கள், ஊரில் ஒருவர் மட்டும் இல்லை. நீங்கள் வாங்கப்போகும் அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ் உள்ள வண்டிதானா என்றும் முதலில் உறுதி செய்யுங்கள். மேனுவல் வாங்க வந்தவரை டாப் மாடல் டிசிடியில் உட்கார வைப்பது வழக்கமாக நடக்கிறது.

ஓட்டும்போது ஏசி முழுதாக ஓடட்டும், வீட்டில் இரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள். ஊரும் வேகத்தில் ஒன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறி, உடனே ஒன்றாவதுக்கு இறங்கும்போது இடிக்கிறதா என்று கவனியுங்கள். பிரேக்கை விட்டதும் வண்டி உடனே நகர்கிறதா, ஒரு கணம் யோசித்துவிட்டுத் துள்ளுகிறதா? வேகத்தடை ஒன்றின் மேல் முன் சக்கரத்தை நிறுத்தி மெதுவாகத் தாண்டுங்கள், ரிவர்ஸிலும் அதையே செய்யுங்கள். வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு அடி மட்டும் நகர்த்திப் பாருங்கள். டிசிடி பழகாதவர்களுக்கு அந்த ஒரு அடிதான் கஷ்டம், சுவர் பக்கத்தில் இருக்கும்போது தெரியும். மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள், பின்னால் உருள்கிறதா பாருங்கள். முடிந்தால் உங்கள் வீட்டுப் பேஸ்மென்ட் சரிவுக்கே கொண்டுபோங்கள்.

மறுநாள் அதே வழியில் மேனுவலையும் ஓட்டுங்கள். கிளட்ச் பெடல் எவ்வளவு கனம், எவ்வளவு தூரம் போகிறது, அரை மணி நேரத்துக்குப் பிறகு முழங்கால் என்ன சொல்கிறது. வீட்டில் வேறு யார் ஓட்டப் போகிறார்களோ அவர்களும் ஓட்ட வேண்டும். என் மனைவி டெஸ்ட் டிரைவிலேயே "நெரிசல்ல இது ஏன் உதறுது?" என்று கேட்டிருப்பாள், நான் அன்றைக்கு அவளை அழைத்துப் போகவில்லை.

6. புக்கிங் படிவம்

முன்பணம் கட்டுவதற்கு முன் படிவத்தில் மாடல், இன்ஜின், வேரியன்ட், நிறம், கியர்பாக்ஸ் ஐந்தும் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். "ஏடி" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள், டிசிடி என்று எழுதச் சொல்லுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் திரும்பத் தருவார்கள் என்பதும் அதே தாளில் வேண்டும். பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், விற்பனையாளரின் சொந்த எண்ணுக்கு வேண்டாம்.

நீங்கள் கொடுக்க வேண்டியவை: ஆதார், பான், முகவரிச் சான்று, புகைப்படம், கடன் என்றால் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும். பதிவுக்கான படிவம் 20இல் உங்கள் கையெழுத்து வாங்குவார்கள். டீலர் தரும் விற்பனைச் சான்று படிவம் 21, தயாரிப்பாளரின் தகுதிச் சான்று படிவம் 22. மூன்றுக்கும் நகல் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடன் இருந்தால் ஆர்சியில் வங்கியின் பெயர் ஏறும், கடன் முடிந்ததும் படிவம் 35 கொடுத்து அதை நீக்க வேண்டும்.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், எல்எம்வி (இலகு ரக வாகனம்) இருந்தால் இரண்டையும் ஓட்டலாம்.

நேரம்: டர்போ டிசிடி வேரியன்ட்களுக்குக் காத்திருப்பு பொதுவாக மேனுவலைவிட நீளலாம். டிசம்பரில் டெலிவரி என்றால் ஜனவரி வரை பொறுப்பதா என்று யோசியுங்கள். ஆர்சியில் ஏறும் தயாரிப்பு வருடம், விற்கும்போது விலையில் தெரியும்.

7. பதிவுக்கு முன் வண்டியை நேரில் பாருங்கள்

மீதிப் பணம் கட்டுவதற்கும் பதிவுக்கும் முன்னால் யார்டில் (டீலர் புதிய வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடம்) வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். பதிவாகிவிட்டால் திருப்பித் தருவது நடவாத காரியம். சேசிஸ் எண், தயாரிப்பு மாதம், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் படம் எடுங்கள். டிசிடியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: மாதக்கணக்கில் யார்டில் நின்ற வண்டியின் பேட்டரி பலவீனமாக இருந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் தேவையில்லாத எச்சரிக்கைகளைக் காட்டும். பேட்டரி சோதித்த தாளைக் கேளுங்கள். 'பி', 'ஆர்', 'என்', 'டி' எல்லாவற்றிலும் யார்டுக்குள்ளேயே நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள்.

8. பழைய டிசிடி கார் வாங்குகிறீர்களா?

நான் தவறு செய்த இடம் இது, அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வாரண்டி இல்லாத பழைய டிசிடியை, கியர்பாக்ஸை ஸ்கேன் செய்யாமல் வாங்காதீர்கள்.

விற்பவரின் சம்மதத்தோடு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே ஓட்டிப் போங்கள். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் பிழைகள், சூடு எச்சரிக்கை வந்த பதிவுகள், சில மாடல்களில் கிளட்ச் தேய்ந்த அளவு, எல்லாம் ஸ்கேனரில் தெரியும். இரண்டு, மூன்று ஆயிரம் செலவாகும். அதற்கு மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். சர்வீஸ் பதிவேட்டில் எண்ணெய் மாற்றியது இருக்கிறதா, கிளட்ச் ஏற்கெனவே மாற்றியதா என்றும் பாருங்கள். மாற்றியிருந்தால் அது குறை இல்லை, பில் இருந்தால் உங்களுக்கு லாபம்தான். எக்ஸ்டெண்டட் வாரண்டி மிச்சம் இருந்தால் அது புதிய உரிமையாளர் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

பழைய மாடல்களில் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. ஃபோர்டு எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்கில் தொடக்கத்தில் வந்தது டிசிடி, 2017 மாற்றத்துக்குப் பிறகு வந்தது டார்க் கன்வெர்ட்டர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் "எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்".

தாள்கள்: பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35உம், வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28 என்ஓசி. மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநில வண்டி மலிவாகத் தெரியும், இங்கே கட்ட வேண்டிய வரியைக் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு காணாமல் போகும்.

9. டிசிடியே எடுத்துவிட்டால், முதல் நாளிலிருந்து பழக வேண்டியவை

எனக்கு யாரும் சொல்லாதவை இவை. கிளட்ச் மாற்றிய பிறகு ஒரு வயதான மெக்கானிக் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். முன்னால் உள்ள வண்டி ஒரு அடி நகர்ந்தால் நீங்களும் ஒரு அடி நகராதீர்கள், ஒரு கார் நீள இடைவெளி விழட்டும், பிறகு ஒரே மூச்சில் எடுத்துப் போய் நிறுத்துங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். நிற்கும்போது பிரேக்கை முழுதாக மிதியுங்கள், அப்போதுதான் கிளட்ச் விடுபட்டு ஓய்வெடுக்கும். பிரேக்கில் பாதிக் கால் வைத்து ஊரவிடுவதுதான் அதைத் தின்கிறது.

ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்கவே கூடாது. பிரேக், ஆட்டோ ஹோல்ட், அல்லது ஹேண்ட் பிரேக். நீண்ட நெரிசலில் மேனுவல் மோடுக்கு மாற்றி ஒன்றாவதிலேயே வைத்தால் ஒன்று இரண்டு என்று மாறி மாறித் தடுமாறாது. ஓடும்போது நியூட்ரலுக்குத் தள்ளிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம், மிச்சமும் ஆகாது. சூடு எச்சரிக்கை வந்தால் "இன்னும் ஒரு சிக்னல்தான்" என்று ஓட்டாமல், ஓரம் கட்டி 'பி'யில் வைத்து, கையேட்டில் சொன்னபடி ஆறவிடுங்கள்.

பேட்டரி இறங்கிப்போனால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், டிசிடியில் அது முடியாது. ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், முன் சக்கரம் தரையில் உருளக் கூடாது. முழு வண்டியையும் ஏற்றும் ஃப்ளாட்பெட் லாரிதான் வர வேண்டும். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எண்ணை மனைவி, பிள்ளைகள் போனிலும் பதிந்து வையுங்கள்.

நாங்கள் அந்தக் காரை, கிளட்ச் மாற்றிய பில்லையும் சேர்த்துக் கொடுத்து, ஊர் ஊராக ஓட்டும் ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதிக்கு விற்றோம். அவருக்கு அது சரியான வண்டி. இப்போது எங்களிடம் இருப்பது மேனுவல்; ஆபீஸ் வாரம் இரண்டு நாள்தான், மற்றதெல்லாம் ஊருக்குப் போகும் நெடுஞ்சாலை, பத்து வருடம் வைத்துக்கொள்ள எண்ணம். மச்சான் அடுத்த காரும் டிசிடிதான் என்கிறார், நான் தடுக்கவில்லை. அவருடைய வாரண்டி முடியும் தேதியை மட்டும் என் போனில் குறித்து, ஒரு மாதம் முன்னால் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன். நீங்களும் டெலிவரி எடுத்த அன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள்.